வளைத்து வெட்டிய குழி

மேலூர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு ஹம்சவேணி எழுதுவது.

இங்கே நானும் வீட்டுக்காரரும் நன்றாக இருக்கிறோம். அண்ணிக்குச் சர்க்கரை குறைந்ததா, காவ்யா ஒழுங்காக வேலைக்குப் போகிறாளா, உங்கள் இடுப்புவலி எப்படி, எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். பொங்கலுக்கு நான் போட்ட கடிதத்துக்கே பதில் இல்லை. பெருமாள் சந்நிதியில் கற்பூரத்தை அடித்து அணைத்து நீங்கள் சத்தியம் செய்தது என்னோடு பேசமாட்டேன் என்றுதான். எழுதமாட்டேன் என்று இல்லை. நம் ஜனத்தை விட்டு மேலூர்க்காரரைக் கட்டிக்கொண்டேன் என்று ஐந்து வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர், அம்மா செத்த சேதியை இன்லேண்ட் லெட்டரில் எழுதி, ‘இது பேச்சில் சேராது’ என்று அடியில் குறித்தீர்கள். அது வந்து சேர்வதற்குள் அம்மாவை எரித்து முடித்திருந்தீர்கள். அதை இப்போது கிளறவில்லை. உங்கள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நானும் எழுதுகிறேன். மேலூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தெற்குவாசல். கடிதம் வந்து சேர மூன்று நாள் ஆகிறது.

சேதிக்கு வருகிறேன். தொல்லியல் துறைக்காக நாங்கள் தோண்டுகிற பழைய புதைகாட்டில் இதுவரை கிடைத்ததெல்லாம் முதுமக்கள் தாழிகள். செத்தவரைக் கால் மடக்கி உள்ளே வைத்திருப்பார்கள். எலும்பை எடுத்துக் கழுவி, ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன வியாதி என்று சொல்வது என் வேலை. முந்தாநாள் தாழியே இல்லாமல் ஒரு குழி வந்தது. அரிவாள் மாதிரி வளைந்த குழி. அதற்குள் அதே வளைவில் ஒரு ஆண், ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். உங்கள் வயதுதான் இருக்கும். முதுகெலும்பு ஒரு கண்ணி விலகாமல் ஒரே கோலாகக் கிடக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. குழியைப் படம் வரைந்தது வீட்டுக்காரர்தான். ‘வெட்டுனவன் கள்ளக் குடிச்சிட்டு வெட்டியிருப்பான்’ என்று சிரிக்கிறார். ஏன் வளைத்து வெட்டினார்கள் என்று எனக்கும் தெரியவில்லை.

அண்ணிக்கும் காவ்யாவுக்கும் என் அன்பு. பதில் போடுங்கள்.

தங்கை,
ஹம்சா

•

தெற்குவாசல், மதுரை
25 பிப்ரவரி 2025

ஹம்சாவுக்கு ஆசீர்வாதம்.

நலம், நலமறிய அவா என்று எழுதலாம். பாதி பொய். அதனால் விட்டுவிட்டேன். ராதாமணிக்குச் சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது, அவள் லட்டு தின்பதும் அப்படியே.

என் இடுப்பைக் கேட்டாய். காலையில் பலகை மாதிரி கிடக்கிறேன். உன் அண்ணி கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தவேண்டும். வெந்நீர் ஊற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் நடமாடினால்தான் உடம்பு சொன்னபடி கேட்கிறது. வேடிக்கை என்னவென்றால், உட்கார்ந்தால் வலி கூடுகிறது, வேலை செய்தால் குறைகிறது. முதலாளிக்குத் தோதான வியாதி. கப்பலூர் கம்பெனி ஸ்டோர்ஸில் போல்ட்டுப் பெட்டி தூக்கித் தூக்கி இருபது வருஷமாக வந்த வலி இது. நடுவில் வலது கண் வேறு சிவந்து கூசியது. மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து விட்டேன். காவ்யஸ்ரீ அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. எட்டு மணி வரை சுருண்டு கிடந்துவிட்டு, எழுந்ததும் நொண்டுகிறாள். அம்புட்டும் சோம்பேறித்தனம்.

‘வாட்ஸ்அப்ல அடிச்சாலும் எழுத்துதானேப்பா, அத்தைக்கு அதுல அனுப்பலாம்ல’ என்கிறாள். போனுக்குள் வருவதெல்லாம் பேச்சுத்தான் என்று சொல்லிவிட்டேன். சாமி முன்னால் செய்ததை இவள் சௌகரியத்துக்கு வளைக்க முடியுமா.

குழியில் கிடந்த உன் ஆள் சேதியைப் படித்தேன். உயிரோடு இருக்கிறவனுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்க நாதியில்லை, செத்தவனுக்கு வைத்தியம் பார்க்க அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. உன்பாடு யோகம்தான்.

ராமதாஸ்

•

மேலூர்
8 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உங்கள் பாதி சுகத்தை முழுச் சுகமாக்கப் பெருமாளைக் கேட்டுக்கொண்டேன்.

திட்டியதற்குச் சந்தோஷம். ஆனால் தமிழில் திட்டினால் எனக்கு உறைக்கமாட்டேன் என்கிறது. நாம் வீட்டுக்குள் பேசுகிற நம் பாஷையில் என்னை யாராவது திட்டி எட்டு வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் எல்லாரும் நல்லவர்கள், ஒருவருக்கும் அது தெரியாது. சில நாள் தனியாக இருக்கும்போது நானே அம்மா மாதிரி என்னைத் திட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

எலும்பில் வாதத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று அம்மா கேட்பாள், நான் பதில் சொன்னதே இல்லை. உங்களுக்காவது சொல்கிறேன். மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்துபோனால் எலும்பும் எலும்பும் உரசும். உரசின இடம் சோழி மாதிரி வழவழப்பாகிவிடும். விளிம்பில் உதடு பிதுங்கினாற்போல புது எலும்பு வளரும். போன வாரம் ஒரு தாழியில் வயதான அம்மாள். கட்டைவிரல் மூட்டு பளபள என்றிருந்தது. எதைப் பிடித்து அரைத்தாளோ, எதை முறுக்கினாளோ, அது எலும்பில் தெரியாது. வலியோடு செய்தாள் என்பது மட்டும் தெரிகிறது.

வளைந்த குழிக்காரரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவில் வெள்ளையாகப் பற்று ஏறி இறுகியிருக்கிறது. இந்தப் பக்கத்து மண்ணில் சுண்ணாம்பு அதிகம், பானை ஓட்டில்கூட இப்படி ஏறும். எங்கள் முறைப்படி ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகப் பிரித்து, கழுவி, எண் போட்டுத் தனிப்பையில் வைக்கவேண்டும். மாதக் கடைசியில் மேலதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். நாளைக்கு மூங்கில் குச்சியோடு உட்காரப்போகிறேன்.

கண் சிவந்தது இதுதான் முதல் தடவையா? எழுதுங்கள்.

தங்கை,
ஹம்சா

•

தெற்குவாசல்
30 மார்ச் 2025

ஹம்சாவுக்கு,

இருக்கிறோம். உங்கள் வீட்டிலும் எல்லாரும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கண் சிவப்பது நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ. யார் கணக்கு வைத்தார்கள்.

வண்டியை விற்றுவிட்டேன். கழுத்து திரும்பவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, உடம்போடு திரும்பிப் பார்க்கிறேன். கம்பெனி வேனில் போகிறேன். பையன்கள் ‘அண்ணே, கீழ என்னத்தத் தொலச்சீங்க, தேடிக்கிட்டே வாரீங்க’ என்று கேட்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் என்று எழுதினால் நம்புவாயா. ராதாமணிக்குத் தெரியாது.

நல்ல சேதி ஒன்று. காவ்யாவுக்குப் பரமக்குடியிலிருந்து வரன் வந்திருக்கிறது. நம் ஜனம். பையன் பேங்கில். பெண் பார்க்க வந்தபோது பையனின் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஒங்களுக்கு முதுகுல என்ன’ என்றார். பெட்டி தூக்கி வந்த வலி என்றேன். பாரம் தூக்கி வந்ததென்றால் பரவாயில்லை என்கிற மாதிரி தலையாட்டினார்.

உன் ஆளைப் பிரித்து முடித்தாயா? அவனையாவது நிமிர்த்திப் படுக்கப் போடு.

ராமதாஸ்

•

மேலூர்
21 ஏப்ரல் 2025

அண்ணா,

நலம் விசாரிக்க இந்தத் தடவை எனக்குப் பொறுமை இல்லை. உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தள்ளிப்போட்டது தப்பு.

குழிக்காரரின் முதுகு மூன்று துண்டாக இருக்கிறது. அதை விடுங்கள். கண்ணிகளுக்கு நடுவில் இருந்தது சுண்ணாம்பு இல்லை, எலும்பு. இடுப்பு எலும்பும் இரண்டு பக்கமும் ஒட்டிப் பூட்டிப்போயிருக்கிறது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. இது பாரம் தூக்கி வருகிற தேய்மானம் இல்லை. அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயர். வாலிபத்தில் இடுப்பில் தொடங்கும், மெதுவாக மேலே ஏறி, முதுகையும் கழுத்தையும் ஒரே மூங்கிலாக ஆக்கிவிடும். குழியை ஏன் வளைத்து வெட்டினார்கள் என்றும் தெரிந்துவிட்டது. அவரைத் தாழிக்குள் மடக்க முடியவில்லை. நேராகப் படுக்கவைக்கவும் முடியவில்லை. அவரை ஒன்றும் செய்யாமல், மண்ணை அவருக்குத் தக்கபடி வெட்டியிருக்கிறார்கள்.

அண்ணா, இப்போது நான் எழுதுவதைக் கோபப்படாமல் படியுங்கள். காலையில் விறைப்பு. நடமாடினால் குறைவது. திரும்பத் திரும்பக் கண் சிவப்பது. திரும்பாத கழுத்து. முப்பது வயதிலேயே நீங்கள் தரையைப் பார்த்து நடந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கும் அதுதான் என்று நினைக்கிறேன். இடுப்புக்கு ஒரு எக்ஸ்ரே, ஒரு ரத்தப் பரிசோதனை. பெரியாஸ்பத்திரியில் வாதத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஒட்டினது ஒட்டினதுதான், ஆனால் வலிக்கும் மேற்கொண்டு ஏறாமல் இருக்கவும் இன்றைக்கு மருந்து உண்டு. இது பரம்பரையாக வரக்கூடியது, அதனால் காவ்யாவையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

பயமாக இருக்கிறது. உடனே போங்கள்.

ஹம்சா

•

தெற்குவாசல்
18 மே 2025

ஹம்சவேணிக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். சுகமாகத்தான் இருப்போம்.

உயிரோடு இருக்கிற அண்ணனைப் பிணத்துக்குப் பக்கத்தில் படுக்கவைத்து அளந்து பார்க்கிறாய். நன்றாக இரு. பரம்பரை என்ற வார்த்தையை எழுதுவதற்கு முன்னால் யோசித்தாயா? அந்தக் கடிதத்தைப் பரமக்குடிக்காரர்கள் பார்த்திருந்தால்? ராதாமணி படித்துவிட்டுச் சாமி அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். பெட்டி தூக்கி வந்த வலி என்று நான் சொன்ன வாய் இன்னும் ஈரம் காயவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றால் நம் தெருக்காரன் ஒருத்தன் பார்ப்பான். ஒருத்தன் போதும்.

நிச்சயதார்த்தம் ஆனி மாதக் கடைசியில். அதற்கு எனக்கு வேண்டியது ஒன்றுதான். சம்பந்தி எதிரில் தட்டை மாற்றும்போது நான் அவர் முகத்தைப் பார்த்து நிற்கவேண்டும். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு என் பெண்ணைக் கொடுக்கமாட்டேன். நிமிர்த்திவிடுகிறவர்கள் இருக்கிறார்களாம். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கேள்வி. முதல் கடிதத்தில் ஒரே கோல் என்று எழுதினாய். இப்போது மூன்று துண்டு என்கிறாய். ஏன்? ‘அதை விடுங்கள்’ என்றால் நான் விடுகிறவனா. சின்ன வயசில் நீ பாத்திரத்தை உடைத்தாலும் இப்படித்தான் சொல்வாய்.

ராமதாஸ்

•

மேலூர்
24 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். கோபமாகவாவது பதில் போட்டீர்களே, அது போதும்.

மூன்று துண்டானதற்குக் காரணம் மண் பாரம். எத்தனையோ நூறு வருஷமாக மேலே ஏறின மண், அதற்கு மேலே உழவு, டிராக்டர். அம்புட்டையும் தாங்கி மூன்றே துண்டாக நின்றதென்றால் எவ்வளவு உரமான எலும்பு என்று பாருங்கள். வந்த அதிகாரிகளிடமும் அதைத்தான் சொன்னேன். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

காவ்யா கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். பரம்பரை என்று எழுதினதற்கு மன்னியுங்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அண்ணா. நம் தெருக்காரர் கண்ணில் படாத ஊராகப் பார்த்து நானே கூட வாரேன். நீங்கள் பேச வேண்டாம். டாக்டர் கேட்பதற்கு நான் பதில் சொல்கிறேன், நீங்கள் தலையாட்டினால் போதும். தலையாட்டுவது பேச்சில் சேராது.

அண்ணியிடமும் சொல்லுங்கள்.

தங்கை,
ஹம்சா

•

தெற்குவாசல்
19 ஜூன் 2025, வியாழன்

அன்புள்ள தங்கை ஹம்சாவுக்கும் மாப்ளைக்கும் ஆசீர்வாதம்.

மாப்ள என்று எழுதியிருக்கிறேன், அவரிடம் காட்டு. இந்த வார்த்தைக்கு எட்டு வருஷம் ஆகியிருக்கிறது, நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து மனசு இளகிக் கிடக்கிறது. தலையாட்டினால் போதும் என்று எழுதினாய் பார், அதைப் படித்துச் சிரித்தேன். கழுத்தே ஆடமாட்டேன் என்கிறது, எங்கே தலையாட்ட. பெருமாள் கோயில் பட்டரிடம் போய்ச் சத்தியத்துக்குப் பரிகாரம் உண்டா என்று கேட்டேன். ‘சாமிக்கு நெய்விளக்குப் போட்டு, எந்த இடத்துல அணைச்சியோ அந்த இடத்துலயே கற்பூரத்தை ஏத்து. ஏத்திட்டா தீந்துபோச்சு’ என்றார். எம்புட்டு லேசாகச் சொல்லிவிட்டார். நிச்சயதார்த்தத்தன்று காலையில் ஏற்றப்போகிறேன். நீயும் மாப்ளயும் வந்து பக்கத்தில் நில்லுங்கள். ஏற்றினதும் முதல் வேலையாக நம் பாஷையிலேயே உன்னை ஒரு மூச்சுத் திட்டுகிறேன். எட்டு வருஷப் பாக்கி இருக்கிறது, தயாராக வா.

அதற்குள் நிமிர்ந்துவிடவேண்டும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியூர் வைத்தியர் ஒருத்தர் வந்து ரூம் போட்டு உட்காருகிறார். கம்பெனியில் ஒருத்தனுக்கு இடுப்புப் பிடிப்பைப் பிடித்து இழுத்து ஒரே நாளில் சரி பண்ணியிருக்கிறார். துண்டைத் தாடைக்குக் கொடுத்துக் கழுத்தை மேலே இழுத்து, முதுகில் முட்டி வைத்து அழுத்துவாராம். வருகிற ஞாயிறு எனக்கு முறை. ராதாமணி பயப்படுகிறாள். உன் கடிதத்தைத்தான் எடுத்து வாசித்துக் காட்டினேன். டிராக்டர் ஏறியே மூன்று துண்டோடு நின்ற எலும்பு, ஹம்சாவே எழுதியிருக்கிறாள், ஒரு மனுசன் முட்டிக்கு என்ன ஆகிவிடும் என்றேன். அவளும் சரி என்றுவிட்டாள்.

உனக்குப் பிடித்த அந்தக் கத்தரிப்பூக் கலர்ப் புடவையைக் கட்டிக்கொண்டு வா. காவ்யா அத்தை அத்தை என்று பறக்கிறாள்.

உன் அண்ணன்,
ராமதாஸ்

•

மேலூர்
20 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

காவ்யா இதை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை, கை மட்டும் இருக்கிறது.

உங்கள் கடிதம் அந்த ஞாயிறு கழிந்து செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. மாப்ள என்ற வார்த்தையை அவருக்குக் காட்டக்கூட நிற்கவில்லை, பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து அண்ணிக்குப் போன் போட்டேன். காவ்யாதான் எடுத்தாள், ஞாயிற்றுக்கிழமை லாட்ஜிலிருந்தே உங்களைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதைச் சொன்னாள். வார்டுக்கு வந்தபோது உங்கள் தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள். கை, கால் எதுவும் அசையவில்லை. திட்டு வாங்க வந்தவள் நான். நீங்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். உதட்டை என்னவோ அசைத்தீர்கள். நம் பாஷையா, தமிழா, அதுகூட எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து வந்து வந்து நிற்கிறேன். சொல்லவேண்டியதை உங்கள் முகத்துக்கு எதிரே சொல்ல முடியவில்லை. அதனால் வழக்கம்போல எழுதுகிறேன்.

குழிக்காரரின் முதுகை மண் உடைக்கவில்லை. நான் உடைத்தேன். ஒவ்வொரு கண்ணியும் தனிப்பையில் போகவேண்டும், அதிகாரிகள் வருவதற்குள் முடிக்கவேண்டும், அது ஒன்றுதான் மண்டையில் இருந்தது. குச்சியால் நெம்பினேன், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து வளைத்தேன். காய்ந்த முருங்கைக் கொப்பு மாதிரி ஒடிந்தது. பிடித்திருந்த பிடியிலேயே இன்னொரு இடத்திலும் ஒடிந்தது. ஒடிந்த இடம் வெளுத்துப் புதிதாக இருந்தது. பழைய உடைப்பென்றால் மண் நிறம் ஏறியிருக்கும். உள்ளே எலும்பு சல்லடையாக இருந்தது. ஒட்டிப்போன முதுகு வெளியே பார்க்கத்தான் உரம், உள்ளே உளுத்திருக்கும். கொஞ்சம் இழுத்தாலும் ஒடிந்துபோகும். அன்றைக்கே, அந்த நிமிஷமே எனக்கு இது தெரியும்.

நீங்கள் ஏன் என்று நேராகக் கேட்டீர்கள். உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. படித்துப் பட்டம் வாங்கியவள் எலும்புக்கும் சுண்ணாம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒடித்துவிட்டாள் என்று உங்கள் வாயால் ஒரு கேலி வரும், அதற்குப் பயந்தேன். உரமான எலும்பு என்று எழுதினேன். அந்த வரியைப் படித்துத்தான் நீங்கள் அந்த லாட்ஜ் மாடிப்படி ஏறினீர்கள்.

குழி வெட்டினவர்கள் அந்த மனிதரை நிமிர்த்தவில்லை, அண்ணா. எங்களுக்குத்தான் எல்லாம் நேராக இருக்கவேண்டியிருக்கிறது.

என்னை மன்னிக்க வேண்டாம். வாசித்து முடித்ததும் கண்ணைச் சிமிட்டுங்கள், இல்லாவிட்டால் மூடிக்கொள்ளுங்கள். எதுவானாலும் காவ்யா எனக்கு எழுதட்டும்.

ஹம்சா

•

தெற்குவாசல்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

காவ்யஸ்ரீ எழுதுகிறேன். நீங்களும் மாமாவும் நலமா. அப்பாவை எடுத்த அன்றைக்குத் தெருமுனையில் இரண்டு பேரும் நின்றதைப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், வரமுடியவில்லை.

உங்கள் கடிதத்தை முழுதும் வாசித்தேன். நடுவில் நிறுத்தியிருக்கலாம். என்ன எழுதியிருக்கிறது என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் அம்மா வெளியே போன நேரம் பார்த்து வாசித்திருப்பேன். அவள் கால்மாட்டில் நின்று கேட்டாள். சாயங்காலம் பெருமாள் கோயிலுக்குப் போய், அப்பா அணைத்த அதே இடத்தில் கற்பூரத்தை ஏற்றி அணைத்துவிட்டு வந்தாள். எனக்கும் சேர்த்து.

அப்பா கண்ணைச் சிமிட்டினாரா என்று நீங்கள் காத்திருப்பீர்கள். வாசித்து முடித்தபோது கண் திறந்துதான் இருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘அப்பா, அத்தைக்கு என்ன எழுதட்டும்’ என்று மூன்று தடவை கேட்டேன். சிமிட்டவும் இல்லை, மூடவும் இல்லை. அதற்கு அப்புறம் ஒரு மாதம் போல இருந்தார். நர்ஸ் வந்தால் பார்ப்பார், அம்மா அழுதால் பார்ப்பார். உங்கள் பெயரைச் சொன்னால் மட்டும் மறுபடி கூரையைப் பார்ப்பார். கோபமா, வருத்தமா, எனக்குத் தெரியவில்லை அத்தை. தெரிந்த மாதிரி எழுதி உங்களை ஆறுதல் பண்ண எனக்கு மனசு வரவில்லை.

பரமக்குடிக்காரர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதலில் பொருந்தின ஜாதகம்தான்.

மறுநாள் எலும்பு பொறுக்க நான்தான் போனேன். பெண்பிள்ளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்றார்கள். வேறு பிள்ளை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பால் தெளித்து, காலில் தொடங்கி ஒவ்வொன்றாக எடுத்துக் கலயத்தில் போட்டோம். நடுமுதுகு மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டினபடியே, வளைந்தபடியே சாம்பலில் கிடந்தது. கலயத்தின் வாய் சின்னது, உள்ளே போகவில்லை. அங்கே வேலை பார்க்கிற மொக்கைச்சாமி என்கிறவர், ‘ஒரு தட்டுத் தட்டுனா ஒடஞ்சிரும் தாயி, பொடிச்சுப் போட்டுரலாம்’ என்று குச்சியை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பெரிதாக ஒன்று வாங்கிவாருங்கள் என்றேன். நேரமாகிறது என்று பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். வாங்கி வரும்வரை வெயிலில் நின்றேன். பொங்கல் பானைதான் கிடைத்ததாம். அதில் வளைவு மாறாமல் அப்பாவை வைத்தேன். அதோடு கொண்டுபோய் ஆற்றில் விட்டோம்.

இன்னொன்று. நீங்கள் ஏப்ரலில் அப்பாவுக்கு எழுதின கடிதம் சாமி அலமாரிக்குப் பின்னாலேயே இருந்தது. நேற்று எடுத்துப் படித்தேன். காலையில் நான் நொண்டுவது சோம்பேறித்தனம் இல்லை, அத்தை. இடுப்பு இறுகிக் கிடக்கிறது, நடந்தால்தான் விடுகிறது. போன வாரம் இடது கண் சிவந்தது. அம்மாவிடம் மெட்ராஸ் ஐ என்று சொல்லியிருக்கிறேன்.

போன் பண்ணாதீர்கள். உங்களோடு பேசமாட்டேன் என்று அம்மா தலையில் கை வைத்துச் சொல்லியிருக்கிறேன். எங்கே போய் எக்ஸ்ரே எடுக்கவேண்டும், டாக்டரிடம் என்ன கேட்கவேண்டும், எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். வீட்டுக்குப் போடவேண்டாம், என் ஆபீஸ் விலாசம் பின்பக்கம் இருக்கிறது. இன்றைக்கே எழுதுங்கள் அத்தை, கடிதம் வந்து சேர மூன்று நாள் ஆகிறது.

காவ்யஸ்ரீ